ஒரு திரையில் பல கடிகாரங்கள்

நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும் சந்தேகம் இது. டாஷ்போர்டில் முள் 100-ஐத் தொட்டு நிற்கிறது. பக்கத்தில் மாட்டியிருக்கும் கைப்பேசியின் வரைபடமோ 94 என்கிறது. கார் ஒன்று, சாலை ஒன்று, நேரமும் ஒன்று. எதை நம்புவது?

ரேஸ் டிராக்கில் எடுத்த காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் வளரும். கேமரா ஓட்டுநரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறது. திரையின் கீழ்ப்பக்கத்தில் வேகம், கியர், இன்ஜின் சுழற்சி, பிரேக் எல்லாம் எண்களாகவும் பட்டைகளாகவும் துடிக்கின்றன. மூலையில் டிராக்கின் சிறு வரைபடம். அதில் ஒரு புள்ளி ஊர்கிறது. உற்றுப் பார்த்தால், ஸ்டீயரிங் இடைவெளியில் தெரியும் முள் 140-இல் இருக்கும்போது திரையில் ஏற்றிய எண் 132 என்கிறது. சில காணொளிகளில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்து, காரின் மூக்கு குனிந்துவிட்ட பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போகிறது!

ஓடும் வண்டியின் அளவுகளைத் திரட்டிச் சேமிப்பதும் அனுப்புவதும் டெலிமெட்ரி. தமிழில் தொலையளவை என்று சொல்லலாம். அந்த அளவுகளைப் படத்தின் மேல் ஏற்றுவதை மேற்பதிவு என்போம். ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் பார்த்துப் பழகிய இந்த வித்தை இன்று எவர் கைக்கும் எட்டும். 2016-இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 பிளாக் கேமராவிலேயே ஜிபிஎஸ் இருந்தது. அளவுகள் காணொளிக் கோப்புக்குள்ளேயே பதிவாயின. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கி.மீ. டிராக்கிலோ, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சொந்தக் காருடன் டிராக் டேக்குப் போகிறவர்கள் ஒரு கைப்பேசியையும் ஒரு சிறு கருவியையும் வைத்தே இதைச் செய்துவிடலாம்.

செய்வது எளிது, சரியாகச் செய்வது கடினம். திரையில் அருகருகே நிற்கும் எண்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு தாமதங்களோடு வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது உண்டு. அந்த வயதைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் மேற்பதிவின் உயிர்நாடி.

முள் ஏன் கூட்டிச் சொல்கிறது

முதலில் முள்ளின் கதையை முடித்துவிடுவோம். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் வாகன விதிகளில் 39-ஆம் விதி. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு ஒரு 4 கி.மீ. கார் 100-இல் ஓடினால் முள் 100 முதல் 114 வரை எங்கே நின்றாலும் விதிப்படி சரி. குறைத்துக் காட்டிவிடும் ஆபத்தே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சற்று உயர்த்தியே அமைக்கிறார்கள்.

அப்படி அமைக்கக் காரணமும் உண்டு. கார் தன் வேகத்தைச் சக்கரம் சுழல்வதிலிருந்து கணக்கிடுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது டயரின் அளவைப் பொறுத்தது. புது டயரில் பள்ளங்களின் ஆழம் சுமார் 8 மி.மீ. அது தேய்ந்து 2 மி.மீ. ஆகும்போது, மையத்திலிருந்து தரை வரையிலான தூரம் 6 மி.மீ. குறைகிறது. சாதாரணக் கார்ச் சக்கரத்தில் இது ஏறத்தாழ 2 சதவீதம். தேய்ந்த டயர் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். முள் அதை வேகம் என்று எண்ணிக்கொள்ளும். டிராக்கில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் காரைவிடச் சற்று மெதுவாகச் சுழலும். ஆக்சிலரேட்டரை அழுத்திக் கிளம்பும்போது காரைவிட வேகமாகச் சுழலும். சக்கரத்தை நம்பி அளக்கும் வேகம், நமக்கு மிக அக்கறையுள்ள அந்த விநாடிகளில்தான் தடுமாறுகிறது.

வானத்திலிருந்து வரும் வேகம்

ஜிபிஎஸ் எப்படி வேகம் சொல்கிறது? இரண்டு இடங்களைக் குறித்து, இடைத்தூரத்தை நேரத்தால் வகுக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். நல்ல கருவிகள் வேறு வழியில் போகின்றன.

லாரி ஹாரன் நம்மை நோக்கி வரும்போது கூர்மையாகவும், கடந்து போனபின் தணிந்தும் கேட்கிறதே, அதே விளைவு ரேடியோ அலைக்கும் உண்டு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் விநாடிக்கு 157 கோடியே 54 லட்சம் அதிர்வுகள் கொண்ட அலையை அனுப்புகிறது. நம் கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அதை நோக்கிப் போவதாக வைத்துக்கொண்டால், அந்த எண்ணிக்கையில் சுமார் 260 அதிர்வு கூடும். 157 கோடியில் 260! செயற்கைக்கோளின் சொந்த ஓட்டத்தால் வரும் மாற்றம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் பாதை துல்லியமாகத் தெரியும் என்பதால், கருவி அதைக் கழித்துவிட்டு நம் பங்கை மட்டும் பிரித்தெடுக்கிறது. பல செயற்கைக்கோள்களிலிருந்து வரும் இப்படிப்பட்ட சிறு மாற்றங்களைச் சேர்த்தால் காரின் வேகமும் திசையும் கிடைத்துவிடும்.

அதனால்தான் காணொளி மூலையில் இருக்கும் புள்ளி டிராக்கை விட்டு மூன்று மீட்டர் விலகிப் புல்லில் ஊர்ந்தாலும், பக்கத்தில் உள்ள வேக எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இடத்தில் சில மீட்டர் பிழை சகஜம். வேகத்தில் பிழை மிகக் குறைவு. முள்ளுக்கும் கைப்பேசிக்கும் நடந்த வழக்கில், திறந்த வானத்தின் கீழ் சீரான வேகத்தில் போகும்வரை, தீர்ப்பு கைப்பேசியின் பக்கமே.

சீரான வேகம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக விநாடிக்கு ஒரு முறைதான் பதில் சொல்லும். 180-இல் கார் ஒரு விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். ஒரு முழுத் திருப்பமே இரண்டு பதில்களுக்கு இடையில் மறைந்துபோகலாம். டிராக்குக்கென்றே விற்கும் கருவிகள் விநாடிக்கு 10 அல்லது 25 முறை அளக்கின்றன. 25 முறை என்றால் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி. அவையும் கணக்குப் போட்டு முடித்தபிறகே எண்ணை வெளியிடுகின்றன. அதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. பழைய செய்தியைப் புதிய படத்தின் மேல் ஒட்டும் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார் தன்னைப் பற்றிச் சொல்வது

இன்ஜின் எத்தனை முறை சுழல்கிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் வானத்திலிருந்து அளக்க முடியாது. காரைத்தான் கேட்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் தன் ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி சாக்கெட் இருக்கிறதே, அதுதான் வாசல். புகையைக் கட்டுப்படுத்துவதற்காக 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு அது. பந்தயத்தை மனத்தில் வைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை.

அதன் இயல்பு கேள்வி பதில். "வேகம் என்ன?" என்று கேட்டால் பதில் வரும். பிறகு "சுழற்சி என்ன?" என்று கேட்க வேண்டும். மலிவான ப்ளூடூத் கருவி வழியே நான்கைந்து விஷயங்களைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் விநாடிக்குச் சில பதில்களே கிடைக்கும். வேகம் முழு எண்ணாக மட்டுமே வரும். அதற்கு ஒதுக்கிய இடத்தில் 255-க்கு மேல் எழுதவும் முடியாது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினோம் என்ற கேள்வி அந்தப் பொதுப் பட்டியலில் இல்லவே இல்லை.

இதைவிட நல்ல வழி, காரின் உள்பேச்சை ஒட்டுக் கேட்பது. காரில் உள்ள சிறு கணினிகள் இரண்டு கம்பிகளில் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்குக் கேன் பஸ் என்று பெயர். பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் கோணம், நான்கு சக்கரங்களின் தனித்தனி வேகம் எல்லாம் பல கார்களில் அங்கே விநாடிக்குப் பல பத்து முறை ஓடுகின்றன. யாரும் கேட்கக் காத்திருப்பதில்லை என்பதால் தாமதமும் மிகக் குறைவு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை என்பதுதான் சிக்கல். ஆர்வலர்கள் ஒவ்வொரு மாடலாகப் பொறுமையோடு அவிழ்த்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு.

மூக்கு குனிந்தபிறகும் வேகம் ஏறும் புதிருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. அந்தக் காணொளியில் படம் இந்த நொடியைச் சேர்ந்தது. வேக எண் சற்று முந்தைய நொடியைச் சேர்ந்தது.

ஆயிரத்தில் ஒன்று

தாமதம் மாறாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். ஒருமுறை கண்டுபிடித்து, ஒவ்வோர் எண்ணையும் அதனதன் தாமத அளவுக்கு முன்னே தள்ளினால் போதும். மோசமானது, போகப்போக வளரும் பிழை.

கேமராவில் விநாடிக்கு 30 படங்கள் என்று தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான கேமராக்கள் உண்மையில் 29.97 படங்களே எடுக்கின்றன. 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றையொன்று குலைக்காமலிருக்க, 30 என்ற வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தப் பழைய ஒப்பந்தம் இன்றைய கேமரா வரை தொடர்கிறது.

மேற்பதிவு செய்பவர் 29.97-ஐ 30 என்று எண்ணிக் கணக்கிட்டால் என்ன ஆகும்? டிராக்கில் தொடர்ந்து 20 நிமிடம் ஓட்டுகிறோம், அதாவது 1,200 விநாடி. அதில் ஆயிரத்தில் ஒன்று 1.2 விநாடி. முதல் லேப்பில் படமும் எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும். கடைசி லேப்பில் எண் 1.2 விநாடி விலகியிருக்கும். 180-இல் அது 60 மீட்டர். கருவிகளுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அவை பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலும், 20 நிமிடத்தில் 0.024 விநாடிதான் விலகும். ஒரு படத்தின் ஆயுளைவிடக் குறைவு. குற்றவாளி பெரும்பாலும் இந்த 0.03 படம்தான். நம் நாட்டில் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 படங்கள் கொண்டது. கேமராவை அந்த முறைக்கு மாற்றி 25 அல்லது 50 என்று வைத்தால் எண் முழுமையாகவே இருக்கும். இந்தத் தொல்லை வேரோடு போய்விடும்.

கடிகாரங்களைப் பற்றி இன்னொரு செய்தி. ஜிபிஎஸ் நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்றல்ல. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப உலக நேரத்தில் அவ்வப்போது ஒரு விநாடியைச் சேர்க்கிறார்கள். 1980-இல் தொடங்கிய ஜிபிஎஸ் நேரம் அதைக் கண்டுகொள்வதில்லை. 2017 ஜனவரி முதல் இரண்டுக்கும் 18 விநாடி வித்தியாசம். ஒரு கருவி ஒரு நேரத்திலும் மற்றது வேறு நேரத்திலும் எழுதி, விலகல் மிகச் சரியாக 18 விநாடி என்று தெரிந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

பத்து மீட்டர்

ஒரு சின்ன விலகலுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றலாம். ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நான் தேர்ந்தவை.

நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் ஒரு திருப்பம். கார் மணிக்கு 180 கி.மீ., அதாவது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது. திருப்பத்துக்குள் நுழைய ஏற்ற வேகம் மணிக்கு 72, அதாவது விநாடிக்கு 20 மீட்டர். திருப்பத்துக்கு முன் 150, 100, 50 என்று தூரப்பலகைகள் நிற்கின்றன. ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறார். ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 10 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயருடன் முடியக்கூடியதே.

முதல் விநாடியில் வேகம் 50-இலிருந்து 40-க்கு இறங்குகிறது, சராசரி 45, கார் 45 மீட்டர் ஓடுகிறது. இரண்டாவது விநாடியில் 35 மீட்டர். மூன்றாவதில் 25. மொத்தம் 105 மீட்டர், 3 விநாடி. ஆக ஓட்டுநர் மிதித்த இடம் 105-ஆவது மீட்டர்: 100 பலகைக்குக் கொஞ்சம் முன்னால்.

இப்போது மாலையில் காணொளியைப் போட்டுப் பார்க்கிறார். வேக எண் படத்துக்கு 0.2 விநாடி பிந்தியிருக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் கார் ஏறத்தாழ 10 மீட்டர் ஓடிவிட்டது. திரையில் எண் இறங்கத் தொடங்கும் கணத்தில் படத்தில் 100 பலகை பின்னால் போய்விட்டிருக்கிறது. "பலகையைத் தாண்டி 95-இல்தான் மிதித்திருக்கிறேன், கார் நன்றாகத் திரும்பியிருக்கிறது, அடுத்த முறையும் அங்கேயே மிதிப்போம்" என்று முடிவு செய்கிறார்.

அடுத்த முறை உண்மையிலேயே 95-இல் மிதித்தால்? முதல் இரண்டு விநாடியில் 80 மீட்டர் தீர்ந்துவிடும். வேகம் விநாடிக்கு 30 மீட்டர். மீதி 15 மீட்டரில் அது சுமார் 24.5 வரைதான் இறங்கும். திருப்பத்தின் வாசலில் கார் மணிக்கு 72-க்குப் பதில் 88-இல் இருக்கும். 10 மீட்டர் தாமதத்துக்குத் தண்டனை 16 கி.மீ.! காரணம், பிரேக் பிடிக்கும் தூரத்தின் கடைசிப் பகுதியில்தான் வேகம் மளமளவென்று இறங்குகிறது. மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு மீட்டரைக் கடக்கவும் அதிக நேரம் பிடிக்கிறது. பிரேக்குக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. பறிபோவது அந்த மதிப்புமிக்க மீட்டர்கள்தான்.

இன்னும் முடியவில்லை. திருப்பத்தில் காரைப் பிடித்துவைக்க டயர் தர வேண்டிய பிடிப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 72-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்தில் தேவைப்படும் பிடிப்பு ஒன்றரை மடங்காகிறது. டயரால் அதைத் தர முடியாது. கார் நேராக மண்ணுக்குள் போகும். இத்தனையும் 0.2 விநாடி பழசான ஓர் எண்ணை நம்பியதால்.

சத்தத்தில் ஒளிந்திருக்கும் சாட்சி

படத்தையும் எண்ணையும் சரியாகப் பொருத்த, இரண்டிலும் பதிவான ஒரே நிகழ்ச்சி வேண்டும். நின்ற கார் நகரத் தொடங்கும் கணம் ஒன்று. காருடன் இறுகப் பொருத்திய கேமராவில், பிரேக் மிதித்ததும் அடிவானம் மேலே எழும்பும் கணம் இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்த வழி மூன்றாவது: இன்ஜினின் சத்தம்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. நான்கும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு. நிமிடத்துக்கு 6,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 100 சுற்று, 200 எரிப்பு. அந்த 200 அதிர்வு கொண்ட ஒலி காணொளியின் ஒலித்தடத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஒலியை அதிர்வுவாரியாகப் பிரித்துக் காட்டும் இலவச மென்பொருள்களில் அதைத் திறந்தால், ஏறி ஏறி வந்து ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சடாரென்று விழும் கோடு கண்ணுக்கே தெரியும். சாக்கெட்டில் பதிவான சுழற்சிக் கோட்டை அதன்மேல் வைத்துப் பள்ளங்களைப் பொருத்தினால், சுழற்சியின் தாமதம் தெரிந்துவிடும். கேமரா ஒலியைப் பொதுவாக விநாடிக்கு 48,000 முறை அளக்கிறது. நம்மிடம் இருக்கும் பதிவுகளிலேயே நுட்பமான கடிகாரம் அதுதான். காசு கொடுத்து வாங்காமலே ஒவ்வொரு காணொளியிலும் கிடைக்கும் டெலிமெட்ரி அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு தாமதத்தைக் கண்டுபிடித்து எல்லா எண்களையும் அதே அளவு தள்ளிவிடுவது பரவலான பிழை. ஜிபிஎஸ் வேகத்தின் தாமதம் வேறு, சாக்கெட் வழியே வந்த சுழற்சியின் தாமதம் வேறு. இரண்டையும் தனித்தனியே பொருத்த வேண்டும்.

பொருத்தியபின் மிஞ்சுவது இடைவெளிகளை நிரப்புவது. விநாடிக்கு 10 அளவு, 50 படம் என்றால் ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து படங்கள். முந்தைய அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே இருக்கும் மதிப்புகளை மென்பொருள் ஊகித்து எழுதும். இதை இடைக்கணிப்பு எனலாம். வேகத்துக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் ஒரு டன் எடையுள்ள கார் பத்தில் ஒரு விநாடியில் பெரிதாக மாறிவிடாது. கியருக்குப் பொருந்தவே பொருந்தாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்றரை என்று ஒரு கியர் கிடையாது. பிரேக்குக்கும் அரைகுறைதான், பாதம் பத்தில் ஒரு விநாடிக்குள் மிதித்துவிடும். அழகாக வளைந்து எழும் பிரேக் கோட்டைப் பார்த்து ஓட்டுநரின் பக்குவத்தை மெச்சுவதற்கு முன், அது பாதமா மென்பொருளா என்று கேட்க வேண்டும்.

டிராக்கில் இறங்கும் வாசகருக்கு

கேமராவையும் கருவியையும் ஓடவிட்டு, பிட்டில் பத்து விநாடி அசையாமல் நில்லுங்கள். கியரைப் போடாமல் இன்ஜினை ஒரே ஒரு முறை உறுமவிடுங்கள். பிறகு கிளம்புங்கள். மாலையில் அந்த உறுமலை வைத்துச் சுழற்சியையும், கார் நகர்ந்த கணத்தை வைத்து வேகத்தையும் பொருத்துங்கள். முதல் லேப்பில் பொருந்தினால் நின்றுவிடாதீர்கள். கடைசி லேப்பில் ஒரு பிரேக்கிங்கை எடுத்துப் படம் படமாக நகர்த்தி, அடிவானம் எழும்பும் படமும் வேகம் இறங்கும் படமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் தேறும்வரை, திரையைப் பார்த்து உங்கள் பிரேக்கிங் இடத்தை ஒரு மீட்டர்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.